பேட்டரியை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

கம்ப்யூட்டர் பத்திரிகையில் ஸ்கூட்டர் பேட்டரியைப் பற்றி எதற்கு எழுத வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. உங்கள் ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியில் இருப்பதும், காரின் பானெட்டுக்குள் இருப்பதும், கம்ப்யூட்டர் மேஜைக்குக் கீழே யு.பி.எஸ். பெட்டிக்குள் இருப்பதும் பெரும்பாலும் ஒரே வகை பேட்டரிதான். ஈயமும் கந்தக அமிலமும் சேர்ந்த லெட் ஆசிட் பேட்டரி. 1859-ல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி காஸ்டன் பிளான்டே கண்டுபிடித்தது. இன்று வரை அதன் அடிப்படை மாறவில்லை. எனவே ஒன்று எதனால் சீக்கிரம் சாகிறதோ, அதே காரணத்தால்தான் மற்றதும் சாகிறது.

திண்டுக்கல்லில் எந்த பேட்டரி கடையில் நின்றாலும் ஒரே புலம்பல்தான் கேட்கிறது. "முன்னெல்லாம் நாலு வருஷம் வந்துச்சு, இப்ப ஒண்ணரை வருஷம்கூட வர்றதில்லை. எல்லாம் டூப்ளிகேட்!" இந்த முடிவை நான் முழுமையாக ஏற்கவில்லை. தரமற்ற பேட்டரிகள் உண்டுதான். ஆனால் தயாரிப்பில் குறையுள்ள பேட்டரி பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே தன் குணத்தைக் காட்டிவிடும். ஒரு பேட்டரி சீக்கிரம் போனால் பேட்டரி மேல் சந்தேகப்படுங்கள். அடுத்ததும் அதே போல் போனால் வண்டியின் மீதோ, யு.பி.எஸ். மீதோதான் சந்தேகப்பட வேண்டும். நம்மில் பலர் மூன்றாவது பேட்டரிக்குப் பணம் கட்டுகிறோமே தவிர, இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

முதல் எதிரி வெயில்

லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுளைப் பொதுவாக 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை வைத்துத்தான் குறிப்பிடுகிறார்கள். அதற்கு மேல் ஏறத்தாழ 10 டிகிரி கூடும் ஒவ்வொரு முறையும் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது இத்துறையில் எல்லோரும் அறிந்த கணக்கு. நான்கு வருடம் உழைக்க வேண்டிய பேட்டரி, எப்போதும் 35 டிகிரியில் இருந்தால் இரண்டு வருடம்தான். திண்டுக்கல் சமவெளியில் ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். தகரக் கூரைக்கடியில் உள்ள அறை என்றால் கேட்கவே வேண்டாம். இதே மாவட்டத்தில் மேலே கொடைக்கானலில் இருக்கும் பேட்டரிக்கு இந்தத் துன்பம் இல்லை. அங்கே குளிரில் காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கலாம். ஆனால் பேட்டரியை உள்ளிருந்து அரிப்பது வெயில்தான்.

உங்கள் யு.பி.எஸ். எங்கே இருக்கிறது என்று இப்போதே குனிந்து பாருங்கள். பல வீடுகளில் அது சுவரோரம், சி.பி.யு. பெட்டியின் பின்பக்க ஃபேன் வெளியே தள்ளும் சூடான காற்று நேராக அடிக்கும் இடத்தில் இருக்கும். தூசு படியாமல் இருக்க மேலே ஒரு துணி வேறு! சுற்றிலும் காற்றோட்டம் இருக்கும்படி தள்ளி வையுங்கள். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவு இல்லை.

இரண்டாவது எதிரி அரைகுறை சார்ஜ்

பேட்டரியிலிருந்து மின்சாரத்தை எடுக்கும்போது உள்ளே இருக்கும் தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. உடனே முழுமையாக சார்ஜ் செய்தால் அது கரைந்துவிடும். அரைகுறையாக விட்டு வைத்தால் நாளடைவில் கெட்டியான படிகமாக மாறி, பிறகு கரையவே கரையாது. அந்த அளவுக்கு பேட்டரியின் கொள்ளளவு குறைந்து போகும். இதைத்தான் சல்ஃபேஷன் என்கிறோம்.

2008-ல் தொடங்கி சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்தது நினைவிருக்கும். 2012-ல் சென்னைக்கு வெளியே உள்ள மாவட்டங்களில் ஒரே நாளில் 10 மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாமல் இருந்ததுண்டு. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கினார்கள். ஒரு மணி நேரம் மின்சாரம் வரும், அடுத்த மணி நேரம் போய்விடும். இழந்ததைத் திரும்ப ஏற்றிக் கொள்ள பேட்டரிக்கு நேரமே கிடைக்கவில்லை. அப்படிப் போன பேட்டரிகளை எல்லாம் "மட்டமான சரக்கு" என்று சொல்வது நியாயமா?

இன்று அந்த மின்வெட்டு இல்லை. ஆனால் அரைகுறை சார்ஜை நாமே உண்டாக்கிக் கொள்கிறோம். ஸ்கூட்டரை எடுத்துக் கொள்ளுங்கள். 2017 ஏப்ரல் முதல் புதிய இரு சக்கர வாகனங்களில் இன்ஜின் ஓடும்போது முன்விளக்கும் எரிந்து கொண்டே இருக்கும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்தபின் பெட்ரோலைச் செலுத்துவதையே பெரும்பாலான வண்டிகளில் எலெக்ட்ரானிக் கருவி கவனிக்கிறது. பல மாடல்களில் கிக்கர் கிடையாது. நாகல் நகரிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரை போய், கடை கடையாக நிறுத்தி, ஐந்து முறை செல்ஃப் அடித்துவிட்டு வீடு திரும்பினால், எடுத்ததைத் திரும்ப ஏற்ற அந்தச் சிறு ஓட்டம் போதாது. எனக்குத் தெரிந்த ஒருவர் தினமும் வத்தலக்குண்டுக்கு ஸ்கூட்டரில் வேலைக்குப் போய் வருகிறார். அவர் மனைவி அதே மாடல் ஸ்கூட்டரைப் பக்கத்துத் தெருப் பள்ளி வரை மட்டும் ஓட்டுகிறார். முதலில் பேட்டரி போனது மனைவியின் வண்டியில்தான். "குறைவாகத்தானே ஓட்டுகிறேன்?" என்று கேட்டார். குறைவாக ஓட்டியதுதான் காரணம்.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். சிக்கனம் என்று நினைத்து, வேலை முடிந்ததும் சுவரிலுள்ள ஸ்விட்சை அணைத்து விடுகிறோம். சிறிய யு.பி.எஸ்.ஸின் பேட்டரி காலியானால் மீண்டும் நிரம்பப் பொதுவாக 6 முதல் 8 மணி நேரம் ஆகும். நீங்கள் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துவதோ ஒரு மணி நேரம். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் பேட்டரியை வற்ற விட்டு, அன்றிரவும் ஸ்விட்சை அணைத்து விட்டால் அது எப்படிப் பிழைக்கும்? சும்மா இருக்கும் யு.பி.எஸ். 5 வாட் எடுப்பதாக வைத்துக் கொண்டாலும் மாதம் 3.6 யூனிட்தான் ஆகும். புதிய பேட்டரியின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இடி மின்னல் நாட்களிலும், ஊருக்குப் போகும்போதும் மட்டும் பிளக்கைப் பிடுங்கி விடுங்கள்.

மூன்றாவது எதிரி கண்ணுக்குத் தெரியாத கசிவு

நிறுத்தி வைத்த வண்டியிலும் கடிகாரம், அலாரம், ஜி.பி.எஸ். கருவி போன்றவை மின்சாரம் எடுத்துக் கொண்டே இருக்கும். காரில் 50 மில்லி ஆம்பியர் வரை பெரிய தவறில்லை. ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர். 35 ஆம்பியர் அவர் பேட்டரி காலியாக ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். சரியாக இணைக்கப்படாத ஆடியோ சிஸ்டமோ, ஹாரனோ 300 மில்லி ஆம்பியர் இழுத்தால் அதே பேட்டரி ஐந்தே நாளில் படுத்துவிடும். ஸ்கூட்டரின் 5 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு 20 மில்லி ஆம்பியர் கசிவே பத்து நாளில் கதையை முடித்துவிடும்.

யு.பி.எஸ்.ஸில் இது சற்று வேறு மாதிரி நடக்கும். கிணற்று மோட்டார்கள் ஓடும் நேரத்தில் கிராமத்து லைனில் வோல்டேஜ் இறங்கும். ஏ.வி.ஆர். வசதி இல்லாத யு.பி.எஸ். அப்போதெல்லாம் பேட்டரிக்கு மாறிவிடும். கரண்ட் போகாமலேயே பேட்டரி தேயும். எனவே யு.பி.எஸ். வாங்கும்போது ஏ.வி.ஆர். உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். லேசர் பிரிண்டரை ஒருபோதும் அதில் இணைக்காதீர்கள். சூடாகும் நேரத்தில் அது இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யு.பி.எஸ். தாங்காது.

எதைக் கொண்டு கண்டுபிடிப்பது?

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்ட்டிமீட்டர் போதும். டி.சி. 20 வோல்ட் அளவில் வைத்து, வண்டி இரவு முழுவதும் நின்றபின் காலையில் ஸ்டார்ட் செய்யாமல் அளந்து பாருங்கள். 12.6 அல்லது அதற்கு மேல் இருந்தால் பேட்டரி நிரம்பியிருக்கிறது. 12.4 என்றால் முக்கால் பங்கு. 12.0 என்றால் ஏறத்தாழ காலி. செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்கு வெகு கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம்.

அடுத்து, இன்ஜின் ஓடும்போது சற்று ஆக்ஸிலரேட்டர் கொடுத்து அளக்க வேண்டும். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜிங் சரி. 13-க்குக் கீழே என்றால் ஸ்டேட்டர் காயில், ரெகுலேட்டர், காரில் ஆல்டர்நேட்டர் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. எத்தனை புது பேட்டரி போட்டாலும் கொதித்துப் போகும். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் படிவத்தையும் சுத்தம் செய்து, போல்ட்டை இறுக்குங்கள். கசிவை அளக்கும் வேலையை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

யு.பி.எஸ். பெட்டியை நீங்களே திறக்க வேண்டாம். உள்ளே ஆபத்தான மின் அழுத்தம் உண்டு. சர்வீஸ் செய்பவரிடம், "சார்ஜர் எத்தனை வோல்ட் தருகிறது?" என்று கேளுங்கள். 12 வோல்ட் பேட்டரிக்கு 13.5 முதல் 13.8 வரை சரி. நம் ஊர் வெயிலுக்கு அதில் கீழ்ப்பக்கம் இருப்பதே நல்லது. பழைய பேட்டரி வயிறு உப்பியிருந்தால், அதிக சார்ஜோ அதிக சூடோ காரணம். அதைக் கண்டுபிடிக்காமல் புதியதைப் போட்டால் அதுவும் உப்பும்.

என் கருத்து இதுதான். ஒரு டாக்டர் காய்ச்சலை அளக்காமல் மருந்து எழுதினால் நாம் சும்மா இருப்போமா? அது போல, வண்டியின் சார்ஜிங்கை அளக்காமல் பேட்டரியை மட்டும் மாற்றித் தரும் கடையில் நாமும் சும்மா இருக்கக்கூடாது. புது பேட்டரி வாங்கும்போது கடையிலேயே வோல்டேஜ் அளக்கச் சொல்லுங்கள். 12.5-க்குக் கீழே இருந்தால் அது வெகு நாள் அலமாரியில் கிடந்த சரக்கு, வேறு கேளுங்கள். பொருத்திய பின் சார்ஜிங் வோல்டேஜையும் அளந்து, இரண்டையும் பில்லின் பின்புறம் எழுதி வாங்குங்கள். வாரண்டி கேட்டுப் போகும் நாளில் வாய்ச்சண்டையைவிட அந்த இரண்டு எண்கள் உங்களுக்கு உதவும். கடைக்காரருக்கும் இது நல்லதுதான். தன் மேல் தவறில்லை என்று காட்ட அவருக்கும் ஒரு சாட்சி கிடைக்கிறது.

பழைய பேட்டரியைத் தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. 2001-ல் வந்த மத்திய அரசு விதிகளும், அதற்குப் பதிலாக 2022-ல் வந்த பேட்டரி கழிவு விதிகளும் அதை முறையாகத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்கின்றன. கடையில் கொடுத்தால் விலையிலும் கழித்துக் கொள்வார்கள்.