மலைக்கு எத்தனை பரிமாணம்?

கணினித் திரையில் மலையொன்றைச் சுழற்றிக் காட்டிய எம் மாணவன் ஒருவன், "இது முப்பரிமாணத் தரவு, சேர்" என்றான். "இல்லை, இருபரிமாணமே" என்று நாம் உடனே மறுத்தோம். தாயகத்திலே சமவுயரக் கோடுகள் வரைந்த படங்களை விரித்து வைத்துப் புவியியல் கற்பித்த பழக்கம் எம்மை அவ்வாறு பேசவைத்தது. பின்னர் ஆராய்ந்தபோது, இருவர் கூற்றிலும் பாதியே உண்மை எனக் கண்டோம்.

இலக்கமுறை உயர மாதிரி என்பது, நிலப்பரப்பைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் உயரத்தைக் குறித்து வைத்த அட்டவணையாகும். கணக்குக் கொப்பியின் கட்டங்களில் எண்களை நிரப்புவது போன்றது அது. உயரம் இருப்பதனால் அது வெறும் தட்டைப் படம் அன்று. ஆயினும், ஒரு கட்டத்துக்கு ஓர் உயரம் மட்டுமே உண்டு என்பதனால், முழுமையான முப்பரிமாணமும் அன்று.

நாம் வாழும் நோர்வேயிலேயே இதற்குச் சான்று உண்டு. 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட லேர்டால் சுரங்கப்பாதை 24.5 கிலோமீற்றர் நீளமானது. மேலே மலை, கீழே வீதி. உயர மாதிரி அவ்விடத்துக்குத் தரும் எண் மலையினுடையதே. வீதியின் உயரத்தை எழுத அக்கட்டத்தில் இடமில்லை. துரோல்துங்கா என்னும் பாறை நாக்கு வெறும் வெளியில் நீண்டு நிற்கிறது. மாதிரியிலோ, அதன் கீழுள்ள காற்றுவெளியும் பாறையாகிவிடும்.

இந்நாட்டில் வானூர்தியிலிருந்து லேசர்க் கதிர் செலுத்தியும் உயரத்தை அளக்கின்றனர். கதிரின் ஒரு பகுதி மரத்தின் உச்சியிலும், மற்றொரு பகுதி இலைகளினூடே சென்று நிலத்திலும் பட்டுத் திரும்புகிறது. ஓரிடத்துக்குப் பல உயரங்களைக் கொண்ட அப்புள்ளித் தொகுதி முப்பரிமாணத் தரவே. அதனைக் கட்டத்துக்கு ஓர் எண்ணாகச் சுருக்கும்போது அத்தன்மை குறைந்துவிடுகிறது. ஆகவேதான் இத்துறையினர் உயர மாதிரியை 'இரண்டரைப் பரிமாணம்' என்பர். நாமும் அதனையே ஏற்கிறோம்.

இது வெறும் சொற்போர் அன்று. பாலத்தின் மேற்றளம் ஆற்றின் உயரமாகப் பதிவாகிவிட்டால், கணினி அதனை அணையெனக் கொள்ளும். வெள்ளம் அங்கே தேங்கிவிடும் என்றும், அப்பாலுள்ள ஊருக்கு ஆபத்தில்லை என்றும் தவறாகக் கணிக்கும். அக்கணிப்பை நம்பி உறங்குவோர் மனிதரல்லவா?

ஆகவே மாணவச் செல்வங்களே, திரையில் மலை சுழல்வதைக் கண்டதும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். "இத்தரவில் ஓரிடத்துக்கு எத்தனை உயரங்கள் உண்டு?" என்று கேளுங்கள். பெற்றோரே, பிள்ளைகள் இவ்வாறு கேட்கும்போது தடுக்காதீர்கள். அன்று அவசரப்பட்டு மறுத்தமைக்காக, மறுவாரம் வகுப்பிலேயே அம்மாணவனிடம் நாம் வருத்தம் தெரிவித்தோம். "அப்போ எனக்கும் பாதிதானே சரி, சேர்" என்று சிரித்தான் அவன்.