பந்தலைப் பிரித்தால் போதுமா?

சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதன்மைக் கோரிக்கை தங்கள் தொழிற்சங்கத்தின் பதிவு. அனுமதியின்றிப் பேரணி போக முயன்றதாக நூறு பேருக்கு மேல் பிடித்துவைத்த போலீஸ், அக்டோபரில் தொழிலாளர்கள் உட்கார்ந்திருந்த பந்தலையும் பிரித்தது.

ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசியல் சாசனத்தின் 19வது பிரிவு தருகிறது. பொது ஒழுங்குக்காக நியாயமான கட்டுப்பாட்டையும் ஏற்கிறது. ஆம்புலன்ஸ் போக வழி வேண்டும் என்பது நியாயம். பந்தலில் உட்காருவது எந்த ஒழுங்கைக் குலைத்தது? கூடினால்தான் குறை வெளியே கேட்கிறது: 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்த பிறகே அவர்களுடைய விடுதிச் சோற்றின் தரம் பற்றி ஊர் பேசியது.

சாம்சங் சங்கத்துக்கு 2025 ஜனவரியில்தான், அதுவும் உயர் நீதிமன்றம் வரை போன பிறகே, பதிவு கிடைத்தது. பதிவு மனுக்களைக் காலக்கெடுவுக்குள் முடிக்கத் தொழிலாளர் துறைக்கு அரசு உத்தரவிட வேண்டும்.