வட்டி கூடாது என்கிறோம், கடன் தருவது யார்?

 

நோணாங்குப்பத்தில் என்னிடம் குர்ஆன் ஓதும் ஒரு சிறுவனின் தந்தை, சென்ற மாதம் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு மஸ்அலா கேட்டார். படுக்கையில் கிடக்கும் தாயாருக்காக அவர் வீட்டில் பகல் முழுவதும் ஏசி ஓடுகிறது. மின் கட்டணம் தாங்கவில்லை. மாடியில் சோலார் அமைக்கக் கையில் பணமில்லை. வங்கி கடன் தருகிறது, ஆனால் வட்டியுடன். "கூடுமா உஸ்தாத்?" என்றார். "கூடாது" என்றேன். தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

என் பதிலில் பிழையில்லை. அந்த ஒரு சொல்லோடு நான் கடமையை முடித்துக்கொண்டதுதான் பிழை.

2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமர் சூரிய வீடு திட்டத்தில், வீட்டு மாடியில் 3 கிலோவாட் அமைப்பவருக்கு ஒன்றிய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. 2 கிலோவாட்டுக்கு 60,000. ஆனால் மானியம், அமைத்து முடித்த பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். முதலில் முழுத் தொகையையும் புரட்டியாக வேண்டும். வசதியுள்ளவர் புரட்டிவிடுகிறார். மார்க்கப் பற்றில்லாதவர் வட்டிக்கு வாங்கிவிடுகிறார். வசதியில்லாத, ஆனால் இறைவனுக்கு அஞ்சும் மனிதரே வெளியே நிற்கிறார். அவருடைய தக்வாவுக்கு நாம் கொடுக்கும் பரிசு இதுதானா?

இதை ஜமாஅத் பெரியவர்கள் சிலரிடம் சொன்னபோது, "சோலார் நம் ஊருக்குச் சரிவராது" என்றார்கள். அறியாமல் சொல்கிறார்கள். தகட்டிலுள்ள சிலிக்கான் படலத்தின் மீது ஒளி விழும்போது அதிலுள்ள எலக்ட்ரான்கள் விடுபட்டு ஒரே திசையில் ஓடுகின்றன, அதுவே நேர்மின்சாரம். இன்வெர்ட்டர் அதை நம் வீட்டு விசிறிக்கேற்ற 230 வோல்ட் மாறுமின்சாரமாக்குகிறது. ஒளி மின்சாரம் தரும் என்பதை 1839ஆம் ஆண்டிலேயே கண்டவர் பெக்கெரல் எனும் பிரெஞ்சு விஞ்ஞானி. புதுச்சேரிக்காரர்களுக்கு அந்நியர் அல்லர்! வேலை செய்வது வெயிலின் ஒளி, சூடு அல்ல. தகடு அளவுக்கு மீறிச் சூடேறினால் விளைச்சல் சற்றுக் குறையவே செய்யும். ஒரு கிலோவாட் தகடு நம் பகுதியில் நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். அதற்கு ஏறக்குறைய நூறு சதுர அடி மாடி போதும். பகலில் மிஞ்சுவது மின்துறையின் கம்பிக்குச் செல்கிறது. மீட்டர் அதைக் கணக்கில் வைக்கிறது. கடற்காற்றின் உப்புப் படிவதை அவ்வப்போது கழுவிவிட வேண்டும், அவ்வளவே.

ஒரு குறையை மறைக்கக் கூடாது. மின்தடையின்போது, பேட்டரி இல்லாத அமைப்பும் நின்றுவிடும். 2011 டிசம்பரில் தானே புயல் வந்தபோது இருளில் கிடந்த நாட்களை நினைத்து, "சோலார் இருந்திருந்தால் விளக்கு எரிந்திருக்கும்" என்று சிலர் சொல்கிறார்கள். எரிந்திராது. அறுந்த கம்பியைச் சீர்செய்யும் ஊழியரின் உயிர் நம் மாடி மின்சாரத்தால் போய்விடக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. இதைச் சொல்லாமல் விற்கும் முகவர், குறையை மறைத்து வியாபாரம் செய்கிறார். இன்னொன்று: மாதம் நூறு யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீட்டுக்கு இதில் அவசரமில்லை, புதுச்சேரியில் அந்த அளவுக்குக் கட்டணம் குறைவு. நான் கேட்பது அந்தத் தாயார் இருக்கும் வீடு போன்ற வீடுகளுக்காக.

அடுத்து, "ஜமாஅத்திடம் பணமில்லை" என்கிறார்கள். ஓடும் ஆற்றில் உளூச் செய்தாலும் நீரை விரயம் செய்யாதே என்ற நபி (ஸல்) அவர்களின் போதனையைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அதே பள்ளிவாசலில் ஒரு ஸஃப்பு மட்டும் நிறையும் லுஹருக்கு எல்லா ஏசியும் ஓடுகிறது. மினாராவுக்கு வண்ண விளக்குச் சரம் என்றால் ஒரு ஜும்ஆவில் வசூலாகிறது. மராகிஷ் நகரின் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் குத்துபிய்யா பள்ளிவாசலின் கூரையில் இன்று சூரியத் தகடுகள் இருக்கின்றன. நமக்கோ கூரையில் கொடிதான்.

வட்டியைத் தடுக்கும் வசனங்கள் அல்பகரா அத்தியாயத்தில் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். அவற்றுக்கு முன்னால் பக்கம் பக்கமாகத் தானதர்மத்தைப் பற்றிய வசனங்கள். அவற்றுக்குப் பின்னாலோ, சிரமப்படும் கடனாளிக்கு அவகாசம் கொடுங்கள் என்ற கட்டளை. முன்னதையும் பின்னதையும் விட்டுவிட்டு, நடுவிலுள்ளதை மட்டும் ஏழையின் தலையில் வைக்கிறோம். "தவிர்க்க முடியாத நிலை, ஆகவே வட்டி பரவாயில்லை" என்று ஃபத்வா தேடும் சகோதரர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஏசிக்காக ஹராமை ஹலாலாக்க முடியாது. ஆனால் அவர்களை அந்த வாசலுக்கு விரட்டியது நம்முடைய பூட்டிய பெட்டி.

நான் கேட்பது நன்கொடையும் அல்ல, ஸகாத்தும் அல்ல. அழகிய கடன். பைத்துல்மாலில் தனிக் கணக்கு ஒன்று. ஒரு குடும்பத்துக்குக் கடன். மானியம் வந்தவுடன் அது முதலில் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். மீதி, மிச்சமாகும் கட்டணத்திலிருந்து மாதத் தவணையாக வரட்டும். திரும்பிய பணம் அடுத்த வீட்டுக்குப் போகட்டும். ஒரே தொகை எத்தனை மாடிகளுக்கு ஏறும் என்று நிர்வாகிகளே கணக்கிடட்டும்.

அந்தச் சகோதரரிடம் ஆறு மாத மின் கட்டண ரசீதுகளை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். அடுத்த நிர்வாகக் கூட்டம் இஷாவுக்குப் பின். ரசீதுகளோடும் என் பங்கான ஐயாயிரம் ரூபாயோடும் நான் போகிறேன்.