அமரம் எங்கே போகிறது?

சங்கப் பாடல்களை நடத்தும்போது ‘நீகான்’ என்ற சொல் வந்தால் ‘மாலுமி’ என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவது என் வழக்கம். இருபது ஆண்டுகளாக அப்படித்தான். நீகான் என்ன செய்வான் என்று எந்த மாணவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கலத்தைச் செலுத்துவான் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். ஒரு பெரிய படகைக் காற்றில் துறை சேர்ப்பதைச் சென்ற கோடை விடுமுறையில் கற்க முயன்ற பிறகு, அப்படித் தப்பிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆலப்புழையில் நண்பர் ஒருவருக்குச் சொந்தமாக ஒரு படகுவீடு இருக்கிறது. எழுபதடி நீளம், இரண்டு படுக்கையறைகள், மூங்கிலும் ஓலையும் வேய்ந்த கூரை. பயணிகள் வராத நாட்களில், அதை ஓட்டும் முதிய ஸ்ராங்கின் அருகில் அமர எனக்கு அனுமதி கிடைத்தது. மூன்று வாரம் ‘மாஷே, மாஷே’ என்று அழைத்தே அவர் என்னைத் திட்டினார்.

இந்தப் படகுகளின் பழைய பெயர் கெட்டுவள்ளம். ஆஞ்சிலிப் பலகைகளை ஆணியில்லாமல் கயிற்றால் தைத்துக் கட்டியவை. குட்டநாட்டின் நெல்லையும் அரிசியையும் கொச்சிக்குக் கொண்டுபோனவை. சாலையும் லாரியும் வந்தபின் வேலையிழந்து கிடந்தவற்றின் மேல் அறைகள் எழுப்பிச் சுற்றுலாவுக்கு இறக்கியது 1990களில். பழமை மாறாத வாழ்வு என்று விளம்பரங்கள் இதைக் கொண்டாடுகின்றன. ஆனால் காற்றைப் பொறுத்தவரை எல்லாமே தலைகீழாகிவிட்டது. மூட்டை ஏற்றிய வள்ளம் நீரில் ஆழ அமிழ்ந்து கிடக்கும். காற்று பிடிக்க மேலே அதிகம் இருக்காது. இன்றைய படகுவீட்டுக்கு அடிப்பகுதி தட்டை, நீருக்குள் இருப்பது கொஞ்சம், நீருக்கு மேலே நிற்பது ஒரு வீட்டின் சுவர். பாய்மரமில்லாத பாய் அது, சுருட்டிவைக்கவும் முடியாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அந்தச் சுவரின் மேல் அது தரும் அழுத்தம் நான்கு மடங்காகிறது. வேம்பநாட்டுக் காயலில் கோடைக் காலைகள் கண்ணாடி போலிருக்கும்; மதியம் கடந்ததும் மேற்கிலிருந்து கடற்காற்று கிளம்பும். படகைக் கரைசேர்க்க வேண்டியதோ பிற்பகலில்தான். மாலையில் மீனவர்கள் வலைபோடும் நேரத்துக்கு முன் படகுவீடுகள் கரையில் கட்டப்பட்டுவிட வேண்டும்.

நான் முதலில் செய்த பிழை எல்லோரும் செய்வதுதானாம். கரை நெருங்க நெருங்கப் பயத்தில் விசையைக் குறைத்தேன். மெதுவாகப் போனால் மெதுவாகத்தானே மோதும் என்பது கரையில் வாழ்பவனின் அறிவு. நீரில், மெதுவாகும் படகு சொன்ன பேச்சைக் கேட்காது. சுக்கானைத் தாண்டி நீர் ஓடினால்தான் சுக்கானுக்கு வேலை. ஓட்டம் குறைந்ததும் அணியத்தைக் காற்று பிடித்துத் தள்ளிவிட்டது. நான் சக்கரத்தை முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தேன். படகு தன்பாட்டுக்குப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தது.

இரண்டாவது பிழை இன்னும் சுவையானது. (சுவை இப்போதுதான் தெரிகிறது, அன்று மூங்கில் கைப்பிடிச்சுவர் முறிந்த சத்தத்தில் எதுவும் தெரியவில்லை.) சக்கரத்தைத் திருப்பினால் கார் போல முன்பக்கம் திரும்பும் என்று நினைத்திருந்தேன். படகு பின்பக்கத்தால் திரும்புவது. அணியத்தை இடப்புறம் கொண்டுபோக வேண்டுமானால் அமரம் வலப்புறம் வீசிச் செல்லும். ஓட்டுபவர் உட்காருவதோ அணியத்தில். அமரம் எழுபதடி பின்னால், இரண்டு படுக்கையறைகளுக்கும் சமையலறைக்கும் அப்பால். முன்பக்கம் கல்வரப்பைத் தொடாமல் தப்பியதை எண்ணி நான் மகிழ்ந்த அதே கணத்தில் பின்பக்கம் வரப்பில் போய் உரசியது. ஸ்ராங்கு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அமரம் எவிடெ, மாஷே?” என்று மட்டும் கேட்டார்.

அணியம், அமரம் ஆகிய இரண்டு சொற்களும் நம் கடற்கரை மீனவர்களிடமும் புழங்குபவை. முன்பக்கம், பின்பக்கம் என்று எழுதி முடித்துக்கொள்பவனுக்கு இந்த வீச்சு தெரிவதில்லை. இன்னொரு நாள் அவர், “காற்றினோடு வழக்கிடண்ட” என்றார். மலையாளத்தில் வழக்கு என்றால் சண்டை. நானோ தமிழ் வழக்காக எடுத்துக்கொண்டு, வாதாடாதே என்கிறார் என்று புரிந்துகொண்டேன். இரண்டும் பொருந்தத்தான் செய்தன. காற்று கரையிலிருந்து தள்ளும்போது அதை எதிர்த்துச் சற்றுச் செங்குத்தாகவே போய், அணியத்தின் கயிற்றை முதலில் தென்னையில் கட்டிவிட வேண்டும். பிறகு சுக்கானைக் கரைக்கு எதிர்ப்புறமாகத் திருப்பி மெல்ல முன்விசை கொடுத்தால், கயிறு பிடித்திழுக்க, அமரம் தானே கரைக்கு வரும். காற்று கரையை நோக்கி வீசினால் கரைக்கு இணையாகத் தள்ளி நின்று, காற்றையே கொண்டுவரச் சொல்லிவிட்டு, கழுக்கோலை ஊன்றி வேகத்தைத் தணிக்க வேண்டும். இவ்வளவையும் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம், எழுதியும் விட்டேன். எழுதியதைப் படித்து யாராலும் படகைக் கட்டமுடியாது.

என் மனக்குறை இங்கேதான் தொடங்குகிறது. நான் பார்த்த படகுகளில் உதவியாளாக இருக்கும் இளைஞர்களுக்குச் சக்கரம் கிடைப்பது நடுக்காயலில். அங்கே கற்க அதிகமில்லை. கரை நெருங்கும்போது மூத்தவர் வந்து வாங்கிக்கொள்கிறார். பயணிகள் இருக்கிறார்கள், பக்கத்தில் வேறு படகுகள் கட்டியிருக்கின்றன. அவரைக் குற்றம் சொல்லமுடியாது. ஆனால் விளைவு என்ன? ஐந்தாண்டு ஓட்டிய பையனும் பலத்த காற்றில் தனியாகக் கரைசேர்த்திருக்க மாட்டான். மூத்தவர் காய்ச்சலில் படுக்கும் நாளில், அறைகளில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்க, அவன் முதன்முறையாக அதைச் செய்வான். 2023 மே 7 அன்று தானூரில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தபின், எத்தனை பேரை ஏற்றலாம், மிதவைச் சட்டை உண்டா என்பதைப் பற்றி நிறையப் பேசினார்கள். பேச வேண்டியதுதான். ஓட்டுபவருக்கு வெறும் படகில் தவறு செய்துபார்க்க எத்தனை பிற்பகல்கள் கொடுக்கப்பட்டன என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தது. அதற்கு டீசல் செலவு, ஒருநாள் வாடகை இழப்பு, சில மூங்கில்கள். எனக்கு நட்பின் பெயரால் அது கிடைத்தது. இதையே தொழிலாகக் கொண்டவனுக்குக் கிடைக்கவில்லை என்பது எந்த நியாயத்திலும் சேராது.

இதைச் சொல்ல எனக்கே தகுதி குறைவு. வகுப்பில் கடினமான செய்யுள் வரும்போது நானும் சக்கரத்தை வாங்கிக்கொள்பவன்தான். மாணவர் திணறினால் அரை நிமிடம்கூடப் பொறுக்காமல் உரை சொல்லிவிடுகிறேன். தேர்வு நெருங்குகிறது, பாடம் முடியவில்லை என்று எனக்கும் காரணங்கள் உண்டு.

ஊர் திரும்புவதற்கு முந்தின பிற்பகல் மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் கோணம் தவறியது. முதல் வாரத்தில் என்றால் எப்படியாவது முட்டிச் சேர்த்திருப்பேன். கரையில் டீக்கடை, பார்த்துக்கொண்டிருப்பவர்கள் வேறு. அன்று ஒவ்வொரு முறையும் விலகி, காயலுக்குள் போய்ச் சுற்றி வந்தேன். ஸ்ராங்கு தடுக்கவில்லை, சக்கரத்தையும் கேட்கவில்லை. நான்காவது முறைக்கு நேரமில்லாமல் அவரே கட்டினார்.

மறுநாள் அதிகாலை, இலையசையாத வேளையில், படகை ஒரு சுற்று கொண்டுபோய் அதே தென்னைக்கு அருகில் உரசாமல் கொண்டுவந்து நிறுத்தினேன். பெருமையோடு திரும்பிப் பார்த்தேன். அவர் கயிற்றைக் கட்டியபடியே, காற்றில்லாதபோது கட்டியது கணக்கில் வராது என்றார்.