குறைந்த ஓட்டத்துக்கு டீசல் வண்டியா?

காய்கறி ஏற்றவும் குடும்பத்தோடு போய்வரவும் டீசல் வண்டிதான் சிக்கனம் என்று நம் விவசாயிகள் பலர் இன்னும் நம்புகிறார்கள். டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் நீங்கியது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் முன்பிருந்த அளவு விலை வித்தியாசம் இப்போது இல்லை. வண்டி விலையோ டீசலுக்குக் கூடுதல், தவணையும் கூடுதல்.

இன்னொரு சங்கதி. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் விற்கும் டீசல் கார்களில், சைலன்சருக்கு முன்னால் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரி எரிய அது சுமார் 600 டிகிரி சூடாக வேண்டும். நல்ல சாலையில் நிறுத்தாமல் ஓடினால்தான் அந்தச் சூடு வரும். தோட்டத்திலிருந்து 5 கிலோமீட்டரில் உள்ள சந்தைக்குப் போய்த் திரும்பும் வண்டிக்கு அது ஏது? கரி அடைக்கும், எச்சரிக்கை விளக்கு எரியும், இழுவை குறையும். வடிகட்டியை மாற்ற நேர்ந்தால் ஒரு போக வருமானமே போய்விடக்கூடும். எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் கலப்பதும் உண்டு. ஊற்றாமலே ஆயில் அளவு ஏறினால் மகிழ வேண்டாம்!

ஆகவே குறைந்த ஓட்டக்காரர்கள் பெட்ரோல் வண்டி வாங்குவதே நல்லது என்பேன். வாரம் ஒரு நடை பாரத்துக்கு வாடகை வண்டி போதும். தினமும் நெடுந்தூரம் பாரம் ஏற்றுவோர் கதை வேறு. அவர்களுக்கு டீசல் பொருந்தும்.

ஏற்கெனவே வைத்திருப்போர் வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் அரைமணி ஓட்டிவரவும். டீசல் பில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை வடித்துவிடவும். மண்ணெண்ணெய் கலக்கவே வேண்டாம். டீசலின் பிசுக்குதான் பம்புக்கு மசகு. பழைய வண்டி பார்ப்போர் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து பார்க்கவும். முன்கூட்டியே சூடாக்கி வைத்துக் காட்டினால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடவும்.