வயதுக்கேற்ற விளையாட்டு

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்தால் நெடுங்கேணிப் பக்கத்துத் தாய்மார் என்னிடம் கேட்கும் கேள்விகளும் மாறிவிடும். ஒரு தாய் தன் ஒன்பது வயது மகளைக் காட்டி, "மிஸ், இவளை வலைப்பந்தில கெட்டிக்காரியா ஆக்கவேணும். விடியவே எழுப்பி ஐம்பது தரம் வளையத்துக்குள்ள போடச் சொல்லுறன். தோள் நோகுதெண்டு அழுகிறாள்" என்றார். யுத்தத்தில் கணவரை இழந்து, கூலிவேலை செய்து பிள்ளையை வளர்ப்பவர். 2009, 2018, 2022ஆம் ஆண்டுகளில் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை அணியில் விளையாடிய தர்ஜினி சிவலிங்கம் போல மகளும் வரவேண்டும் என்பது அவருடைய ஆசை.

ஆசையில் பிழையில்லை. ஆனால் வலைப்பந்து வளையத்தின் உயரம் 3.05 மீற்றர், அதாவது பத்தடி. அது வளர்ந்தவர்களுக்கான அளவு. சின்னப் பிள்ளை அவ்வளவு உயரத்துக்குப் பந்தை அனுப்ப முதுகை வளைத்து, தோளின் முழுப் பலத்தையும் கொடுத்து எறியும். அந்தப் பிழையான எறிதலே பழக்கமாகிவிடும். அவுஸ்திரேலியாவில் சிறுவர் வலைப்பந்துக்கு 2.4 மீற்றர் வளையமும் சிறிய பந்தும் வைத்திருக்கிறார்கள். நாங்களும் ஒரு கம்பி வளையத்தை எட்டடி உயரத்தில் கட்டிக்கொடுக்கலாம். கனடாவில் எங்கள் உறவுகளின் பிள்ளைகளும் விளையாடும் பனித்தள ஹொக்கியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாதித் தளம்தான். 11, 12 வயதினர் உடலால் மோதித் தடுப்பதையும் 2013இல் அங்கே நிறுத்திவிட்டார்கள். விளையாட்டைப் பிள்ளையின் அளவுக்குக் குறைக்கவேண்டுமே தவிர, பிள்ளையை இழுத்து நீட்டக்கூடாது.

எந்த வயதில் என்ன பழக்கலாம்?

ஐந்து முதல் எட்டு வயதுவரை ஓடுதல், பாய்தல், எறிதல், பிடித்தல், ஒற்றைக்காலில் நிற்றல் போதும். கெந்தி விளையாட்டு, கயிறடித்தல், ஒளித்துப் பிடித்தல் எல்லாம் இதைத்தான் பழக்குகின்றன. பாடசாலையில் ஆரம்பப் பிரிவினருக்கு நடக்கும் சிறுவர் மெய்வல்லுநர் போட்டியும் இந்த எண்ணத்தில் உருவானதே. அதில் பிள்ளைகள் குழுவாகப் போட்டியிடுவார்கள். எறிவதற்குப் பாரமில்லாத ஈட்டி கொடுப்பார்கள்.

ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுவரை நுட்பங்கள் இலகுவாகப் பிடிபடும். பந்து பிடித்தல், கைமாற்றுதல், திரும்புதல் ஆகியவற்றைப் பழக நல்ல காலம். கிளித்தட்டும் மறிக்கட்டும். சுவரில் பழைய ரெனிஸ் பந்தை எறிந்து பிடிக்கட்டும். இந்த வயதில் ஒரே விளையாட்டோடு பிள்ளையைக் கட்டிப்போட வேண்டாம்.

பெரிய பிள்ளையாகும் பருவத்தில் உயரம் திடீரென்று கூடும். நேற்றுவரை ஒழுங்காகப் பந்து பிடித்தவள் இன்று தவறவிடுவாள். அது சோம்பல் அல்ல. வளர்ந்த கைகாலுக்கு உடம்பு இன்னும் பழகவில்லை. முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு முனையில் நோவும் வரலாம். நோ இருந்தால் பாய்தலையும் ஓட்டத்தையும் குறைத்து ஓய்வு கொடுங்கள். வீங்கினால், நொண்டினால், இரவில் நோவில் எழும்பினால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் இலகுவான கணக்கு ஒன்று உண்டு. பிள்ளைக்கு எத்தனை வயதோ, ஒரு கிழமையில் அத்தனை மணித்தியாலத்துக்கு மேல் ஒழுங்குபடுத்திய பயிற்சி வேண்டாம். ஒன்பது வயதென்றால் ஒன்பது மணித்தியாலம். கிழமையில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும். எங்கள் வெயிலுக்குப் பயிற்சியைப் பின்னேரம் வைப்பது நல்லது. தண்ணீர்ப் போத்தல் கையில் இருக்கட்டும். வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். அவித்த பயறு ஒரு பிடி என்றாலும் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சின்ன வயதில் விழுந்து விழுந்து பழக்கிய அதே பிள்ளையை, பெரியபிள்ளையானதும் வீட்டில் மறித்துவிடுகிறோம். "இனி என்ன ஓட்டம்?" என்கிறோம். உண்மையில் அதுவரை பழகியதெல்லாம் பலன் தரத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். மாதவிடாய் நாட்களில் விளையாடுவதால் உடம்புக்குக் கேடு வராது. களைப்பும் வயிற்று நோவும் இருந்தால் ஓய்வெடுக்கட்டும். அதை அவளே தீர்மானிக்கட்டும். பயிற்சி முடிந்து வரும் வழிதான் பயம் என்றால், அயலிலுள்ள இரண்டு மூன்று தாய்மார் சேர்ந்து முறைவைத்துக் கூட்டி வரலாம்.

முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா 2023இல் தன் 72 வயதில் பிலிப்பைன்ஸ் சென்று மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கப் பதக்கம் வென்றார். விளையாட்டு ஒரு வருடப் போட்டியோடு முடிகிற காரியம் அல்ல. ஒன்பது வயதில் பதக்கம் கிடைக்காவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. தோள் பழுதானாலோ, விளையாட்டே வெறுத்துப்போனாலோதான் நட்டம். ஆகவே தாய்மாரே, பிள்ளை மைதானத்தால் வந்ததும் "வென்றனியோ?" என்று கேட்காமல், "இண்டைக்கு என்ன பழகினனீ?" என்று கேளுங்கள். அவள் முற்றத்தில் செய்து காட்டினால் இருந்து பாருங்கள்.