முதல் சரணம் எங்கே?

ஆகஸ்டுத் திங்கள் பதினைந்தாம் நாள் காலை மயிலைக் குளக்கரைப் பக்கம் போய்ப் பாருங்கள், தோழர்களே! கொடி ஏற்றுவார்கள், மிட்டாய் வழங்குவார்கள், கம்பத்திலே கட்டிய ஒலிபெருக்கியிலிருந்து ஒரு பெண்குரல் எழும். கொஞ்சலும் இல்லை, குழைவும் இல்லை. கனத்த குரல், நிமிர்ந்து நிற்கும் குரல். ஆட்டோ நிறுத்தத்திலே தேநீரும் கையுமாக நிற்கும் தோழர் தலையை ஆட்டுவார். பூக்கட்டும் அம்மையாரின் விரல் நாரைவிட்டுத் தாளத்துக்குப் போகும். தெற்கு மாடவீதியிலிருந்து கைத்தடியோடு வந்த முதியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பட்டம்மாள்! இனி யார் இப்படிப் பாடப் போகிறார்கள்?" என்பார்.

அந்த ஏக்கத்தை எள்ளி நகையாட நாம் எழுதவில்லை. அதிலே நமக்கும் பங்கு உண்டு என்று சொல்லவே எழுதுகிறோம். பங்கு உண்டு என்றால் கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டல்லவா? அந்தக் கணக்கையும் கேட்கத்தான் போகிறோம்.

பாட்டு, பாரதியாரின் சுதந்திரப் பள்ளு. பாடியவர் டி. கே. பட்டம்மாள். 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 14 நள்ளிரவிலே டில்லியில் நேரு பேசினார். விடுதலை பிறந்த அந்தப் பொழுதிலே சென்னை வானொலி அழைத்துப் பாட வைத்தது பட்டம்மாளை. அப்போது வானொலி நிலையம் கடற்கரையிலே இல்லை, எழும்பூரிலே இருந்தது. வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருந்தவர் அந்நாளில் எத்தனை பேர்? பெட்டி இருந்த வீட்டுத் திண்ணையிலும், காப்பிக் கடை வாசலிலும், மாநகராட்சிப் பூங்காவின் ஒலிபெருக்கிக்கு அடியிலும் நின்று வானொலி கேட்ட காலம் அது. அந்த ஒரு குரலைக் கேட்டவர்கள், இன்று இருப்பவர் சிலரே ஆனாலும், மறக்கவில்லை. மறக்கக் கூடியதா?

அதற்கு ஏழு திங்கள் முன்பே அந்தப் பாட்டு ஊர் ஊராகப் போய்விட்டது. 1947 சனவரியில், பொங்கலையொட்டி வந்த 'நாம் இருவர்' படம், காரைக்குடியிலே ஏ.வி.எம். எடுத்தது. பட்டம்மாள் பாடினார், குமாரி கமலா ஆடினார். வெள்ளைக்காரன் இன்னும் கோட்டையிலே இருக்கிறான். கொட்டகையிலோ விடுதலை வந்துவிட்டது என்று ஆட்டம்! வேடிக்கை என்ன தெரியுமா? எழுதியவர் 1921லேயே மறைந்துவிட்டார். வராத விடுதலையை வந்ததாகவே வைத்துப் பாடிவிட்டுப் போனார் ஒருவர். கால் நூற்றாண்டு கழித்து, வந்த அன்று அதை எடுத்துப் பாடினார் ஒருவர். கவிஞனுக்கும் பாடகிக்கும் இப்படி ஒரு சந்திப்பு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

பட்டம்மாளை நம்மவர் சிலர் 'மயிலாப்பூர் சங்கதி' என்று ஒதுக்கிவிடுவதுண்டு. தவறு. அண்ணா பிறந்த காஞ்சிக்குப் பக்கத்து ஊர் தாமல். அதுவே அவருடைய பெயரின் முதல் எழுத்து. பிறந்தது 1919, அண்ணாவுக்குப் பத்து ஆண்டு இளையவர். பார்ப்பனக் குடும்பத்துப் பெண் மேடை ஏறிப் பாடுவது குலத்துக்கு இழுக்கு என்று அக்கிரகாரம் முணுமுணுத்த காலத்திலே மேடை ஏறியவர் அவர். அதற்கு முன் மேடையைத் தாங்கியவர்கள் யார்? வீணை தனம்மாளும் பெங்களூர் நாகரத்தினம்மாளும் பிறந்த குலத்துப் பெண்கள். கலையை அவர்களிடம் வாங்கிக்கொண்டு இழிவை மட்டும் அவர்களிடமே விட்டுவைத்தது சமுதாயம்! இராகம் தானம் பல்லவி என்பது ஆண்பிள்ளை வேலை என்றார்கள். பட்டம்மாள் பாடிக் காட்டினார். 'பல்லவி பட்டம்மாள்' என்று பெயரே வந்தது. அந்தப் பல்லவிக்கு அவர் உள்ளத்திலே வித்திட்டது எவருடைய கச்சேரி என்று கேட்டால், காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை என்பார்கள். இசைவேளாளர் குலத்து மேதை அவர். திரைப்படத்திலும் பட்டம்மாள் கண்டதையெல்லாம் பாடவில்லை. காதல் பாட்டுக்கு இசையவில்லை. நாட்டுப் பாட்டும் பக்திப் பாட்டுமே. 1939இல் வந்த 'தியாகபூமி'யில் அவர் பாடினார். அந்தப் படத்தை மறு ஆண்டு வெள்ளையர் அரசு தடையே செய்தது. பக்தி நமக்கு உடன்பாடில்லை. அது வேறு வழக்கு. கொண்ட கொள்கையில் நின்ற பெண்மணிக்குத் தலை வணங்குவதிலே நமக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

சரி, பாட்டுக்கு வருவோம். 'பள்ளு' என்று பெயர் வைத்தாரே பாரதி, ஏன்? ஏட்டிலே 'பள்ளர் களியாட்டம்' என்று தலைப்பின் கீழேயே குறிப்பும் உண்டு. பள்ளு என்பது பண்டிதர் மாளிகையிலே பிறந்த பாவகை அன்று, சேற்றிலே பிறந்தது. முக்கூடற்பள்ளைப் படித்தவர்க்குத் தெரியும். நெல்லைச் சீமை அது, பாரதி பிறந்த எட்டயபுரமும் அந்தப் பக்கந்தான். நெல்லின் பெயர் எத்தனை, மாட்டின் பெயர் எத்தனை, ஆற்றிலே துள்ளும் மீனின் பெயர் எத்தனை! அவற்றுக்கு நடுவே பண்ணையாரின் தொந்தியையும் தோரணையையும் கேலி செய்து சிரிக்கிறது அந்த நூல். உழுதவன் வாய் திறந்து ஆண்டையைப் பார்த்துச் சிரிக்க இலக்கியம் கொடுத்த இடம் பள்ளு. தேசத்தின் விடுதலையை யார் வாயால் சொல்வது என்று தேடிய பாரதி, வழக்கறிஞர் வாயைத் தேடவில்லை. ராவ்பகதூர் வாயைத் தேடவில்லை. நாற்று முடியும் கையும், சேற்றிலே ஊன்றிய காலும் உடையவனைக் கூப்பிட்டு, 'ஆடு, பாடு, உனக்குத்தான் விடுதலை' என்றார்.

அதனால்தான் முதல் சரணம் அப்படி அமைந்தது. பிறப்பாலே ஒருவனை உயர்த்தி மரியாதைப் பட்டம் சொல்லி அழைத்த காலமும், நிறத்தாலே ஒருவனைத் துரை என்று வணங்கிய காலமும் சேர்ந்தே போயின என்கிறது அது. ஒரே மூச்சில்! சாதி ஆண்டையும் வெள்ளை ஆண்டையும் ஒரே வண்டியில் ஏற்றி அனுப்பப்படுகிறார்கள். பின்னால் வருகிறது உழவுக்கும் தொழிலுக்கும் வணக்கம். உழைக்காமல் உண்டு களிப்பவனுக்கு நிந்தனை. எழுதியவர் பார்ப்பனக் குலத்திலே பிறந்தவர் என்பதையும் மறக்க வேண்டாம். புதுவையிலே தாழ்த்தப்பட்ட இளைஞன் கனகலிங்கத்துக்குப் பூணூல் மாட்டி, குலத்தாரின் பகையைத் தேடிக்கொண்டவர். பூணூலை அறுப்பதே நம் வழி. எல்லோருக்கும் மாட்டுவது அவர் வழியாக இருந்தது. 'ஆரிய நாடு' என்று அவர் பாடிய இடத்தில் நாம் அவரோடு வாதாடியிருக்கிறோம், இன்னும் வாதாடுவோம். ஆனால் இந்தப் பாட்டிலே வாதாட நமக்கு ஓரடி இல்லை.

இப்போது கணக்கைக் கேட்போம். சபா மேடைகளிலே இந்தப் பாட்டு வரும்போது கவனித்திருக்கிறீர்களா? பல்லவி வரும், பிறகு ஒரே தாவல்! முதல் சரணத்தை விழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறவர்களை நாம் கேட்டிருக்கிறோம். தியாகராய நகரிலே கேட்டோம், அடையாற்றிலே கேட்டோம். பழைய இசைத்தட்டிலே இடம் இல்லை என்றால் ஒப்புக்கொள்ளலாம். ஒரு பக்கம் மூன்று மணித்துளி ஓடினாலே அதிகம், முழுப் பாட்டும் எப்படி அடங்கும்? ஆனால் இரண்டரை மணி நேரக் கச்சேரியிலே, ஒரே கிருதிக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குகிறவர்களுக்கு, நாலு வரிக்கு நேரமில்லையா? நேரம் இருக்கிறது, நெஞ்சம்தான் இடம் கொடுக்கவில்லை. பரிதாபம் என்னவென்றால், சாதி ஆண்டையை மறைக்கப் போய் வெள்ளைக்காரன் போன செய்தியையும் சேர்த்தே மறைக்க வேண்டியதாகிறது. இரண்டும் ஒரே சரணத்திலே அல்லவா இருக்கின்றன! விடுதலைப் பாட்டிலே விடுதலையை வெட்டிவிட்டு மிச்சத்துக்குத் தாளம் போடுகிறார்கள்.

'அந்த நாளைத் துக்கநாள் என்றவர்கள்தானே நீங்கள், உங்களுக்கு என்ன இந்தப் பாட்டிலே அக்கறை?' என்று கேட்பவர் கேட்கலாம். கேட்கட்டும். ஒளிக்க எதுவும் இல்லை. 1947இல் பெரியார் அதைத் துக்கநாள் என்றார். வெள்ளையன் போகிறான், ஆளப்போவது யார் என்பது அவருடைய கேள்வி. அண்ணா மாறுபட்டார், ஆகஸ்டு பத்தாம் நாள் 'திராவிட நாடு' ஏட்டிலே எழுதினார், அது இன்பநாள், அந்நியன் ஆட்சி அகன்றதைத் தமிழன் கொண்டாடலாம் என்றார். ஒரே குடும்பத்திலே இரண்டு கருத்து. அன்று தொண்டர்கள் பட்ட பாடு பழைய தோழர்களைக் கேட்டால் தெரியும். தலைவர் பக்கமா, தளபதி பக்கமா என்று உறங்காமல் கிடந்தவர்கள் உண்டு. இன்று இத்தனை ஆண்டு கழித்துப் பார்க்கும்போது நமக்கு ஒன்று தோன்றுகிறது. பெரியார் கேட்ட கேள்வி அந்த முதல் சரணத்திலேயே இருக்கிறது. அண்ணா கொண்ட மகிழ்ச்சி அதன் பல்லவியிலே இருக்கிறது. துரை போனான், சரி. பிறப்பாலே வந்த பட்டம் போயிற்றா? அதைக் கேட்காமல் பல்லவியை மட்டும் பாடுகிறவர்கள்தான் பெரியாரின் ஐயம் பொய்யல்ல என்று காட்டுகிறவர்கள்.

பாட்டு யாருடையது என்ற வழக்கு புதியதும் அன்று. பாரதியின் பாட்டுக்கு ஒரு காலத்தில் சொந்தக்காரர்கள் இருந்தார்கள் என்றால் இளைய தோழர்கள் நம்பமாட்டார்கள். இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பாடும் உரிமை ஒரு நகை வணிகர் கையிலே இருந்தது. அவரிடமிருந்து ஏ.வி. மெய்யப்பர் விலை கொடுத்து வாங்கினார். அப்படி வாங்கித்தான் 'நாம் இருவர்' படத்திலே பாட்டு வந்தது. 1948இல் டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்திலே பாரதி பாட்டைச் சேர்த்தபோது வழக்கு மன்றம் வரை போயிற்று. பாரதியை விடுதலை செய் என்று எழுத்தாளரும் நாடகக்காரரும் குரல் கொடுத்தார்கள். 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சிக் காலத்திலே உரிமையை அரசு எடுத்துக்கொண்டது; மெய்யப்பர் தம்மிடம் இருந்ததைக் காசு வாங்காமலே விட்டுக்கொடுத்தார். பிற்பாடு எவரும் அச்சிடலாம், எவரும் பாடலாம் என்று மக்களுக்கே ஆகிவிட்டது. பணக்காரன் பெட்டியிலிருந்து அப்படி வெளியே வந்த பாட்டு இது. அதை இன்னொரு பெட்டியிலே, பாதி வெட்டி வைத்துப் பூட்டுவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

ஏக்கம் என்று சொன்னோமே, அதிலும் ஓரவஞ்சனை இருக்கிறது. தேசப் பாட்டுப் பாடிய குரல் பட்டம்மாள் ஒருவர்தானா? சிவகாசியிலே பிறந்த விசுவநாததாஸ் எங்கே? முடிதிருத்தும் குலத்திலே பிறந்தவர். முருகன் வேடத்திலே மேடையில் வந்து நின்றுகொண்டு வெள்ளையனைக் கொக்கு என்று கேலி பண்ணிப் பாடினார். பாடிவிட்டு வேடம் கலையாமலே சிறைக்குப் போவார். ஒரு தடவையா, இரண்டு தடவையா? அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்கள் இருந்தார்கள், குலத்தைக் காட்டி! 1940 டிசம்பர் கடைசி நாள், சென்னையிலே, நாடக மேடையில், மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. விடுதலையைப் பார்க்கவில்லை அவர். வானொலி அவரை அழைக்க அவர் இல்லை. பட்டம்மாளுக்கு 1970இல் சங்கீத கலாநிதி, பிறகு பத்ம பூஷண், பத்ம விபூஷண். எல்லாம் தகும், மறுப்பில்லை. 2009இல் அவர் மறைந்தபோது நாடே இரங்கியது, அதுவும் தகும். தாசுக்கு மயிலையிலே ஒரு கண்ணீர்த் துளி உண்டா என்பதுதான் நம் கேள்வி.

தமிழ்ப் பாட்டின் கதையே இப்படித்தான். 1941இல் தமிழிசை வேண்டும் என்று அண்ணாமலை அரசர் குரல் எழுப்பியபோது, மொழியைக் காரணமாக்கித் தரத்தைக் குறைக்கக் கூடாது என்ற கருத்திலே முடிவு எடுத்தது மியூசிக் அகாடமி. தமிழிலே பாடினால் தரம் குறையுமாம்! தெலுங்கும் வடமொழியும் முதல் இரண்டு மணி நேரம். தமிழ் கடைசியில், 'துக்கடா' என்ற பெயரிலே, பாதிப் பேர் காப்பி குடிக்க எழுந்து போன பிறகு. 1943இல் தமிழிசைச் சங்கம் கண்ட பிறகுதான் காற்று மாறத் தொடங்கியது. நம் கழக மேடைக்கு அந்தத் தொல்லை இருந்ததில்லை; நாகூர் அனிபா தொண்டையைத் திறந்த காலத்தில் அதற்குமேல் முதன்மை உருப்படி எது இருந்தது! ஆனால் டிசம்பர்க் கச்சேரிகளிலே பள்ளுக்கு இன்னும் கடைசி வரிசைதான், அங்கேயும் அரைகுறை.

பனகல் பூங்காவிலே மாலையில் உட்கார்ந்து பார்த்தால் நமக்குச் சிரிப்பு வரும். ஊருக்குப் பெயர் தியாகராயர். பூங்காவுக்குப் பெயர் பனகல் அரசர். சற்றே தள்ளி நடேசனார் பெயரிலே இன்னொரு பூங்கா. நீதிக் கட்சியை வளர்த்த மூவரும் சுற்றி நிற்கும் ஊரிலே, பிறப்பாலே பட்டம் இல்லை என்ற நாலு வரியைப் பாடக் கூச்சமா?

வரும் ஆகஸ்டுக்கு மயிலைப் பகுதித் தோழர்கள் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். துப்புரவுப் பணியாளர் வீட்டுப் பெண் இருவர், மீன் விற்பவர் மகன் ஒருவன், ஆட்டோத் தோழரின் மகள் ஒருத்தி. மாலைதோறும் படிப்பகத்திலே பயிற்சி. பட்டம்மாளின் பதிவைத்தான் போட்டுக் கேட்டுப் பழகுகிறார்கள். மெட்டுக்கு அதைவிட நல்ல ஆசிரியர் யார்? ஏட்டைப் பார்த்துச் சரணங்களை நிரப்பிக்கொள்கிறார்கள். கொடி ஏற்றியதும் முதல் சரணத்தோடு முழுப் பாட்டும் வரும். கைத்தடிப் பெரியவரை நாமே நேரில் போய் அழைத்தோம். "முழுசாவா பாடப் போறேள்?" என்று கேட்டார். ஆமாம் ஐயா என்றோம். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ முழுசாத்தான் பாடிண்டிருந்தோம்" என்றார். முன்வரிசையிலே ஒரு நாற்காலி அவருக்கு.